நான் வெட்டிய பெயர்

புதிதாக வந்திருக்கும் கிராம அலுவலர்களுக்கு,

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில், குடிமக்களின் பொறுப்புகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரை மணித்தியாலம் பேசினேன். சட்டம் சொன்னேன். சுற்றறிக்கை சொன்னேன். மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துத்தான் நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். பிறகு தேத்தண்ணி தந்தார்கள்.

கரம்பொன்னுக்கு வந்து சேர்ந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தேன். என்ன தேடுறியள் என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டார். தேடவில்லை. அந்த மேடையில் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்தால் ஆறுதலாக இருக்குமோ என்று தெரியாது.

நான் நெடுந்தீவில் ஒரு பிரிவுக்குக் கிராம அலுவலராக இருந்தவன். சனம் இன்னும் எங்களை விதானையார் என்றுதான் கூப்பிடும். கரம்பொன்னிலிருந்து குறிகட்டுவானுக்கு மோட்டார் சைக்கிளில் போய், அங்கிருந்து போட் ஏறி, ஒரு மணி நேரக் கடல். பின்னேரம் அதே வழி. போட் தவறினால் அன்றைக்கு வீடு இல்லை. என்னுடைய வேலையை முதல் சில வருடங்கள் நடத்தியது சட்டமும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. பின்னேர போட்தான்.

வாக்காளர் பெயர்ப்பட்டியலான இடாப்பை மீளாய்வு செய்யும் மாதங்களில் சோழகக் காற்று அடிக்கும். கடல் ஒரு பாடாக இருக்காது. கொஞ்சம் காற்று மாறினாலும் போட்டை முந்தி எடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் படிவக் கட்டோடு அல்பிரட்டின் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். அல்பிரட் மாடு வளர்ப்பவர். கொஞ்சம் மீன்பிடியும் உண்டு. அவருடைய தகப்பன் அதற்கு முந்தின மாரியில் இறந்திருந்தார். தகப்பன் இருந்த வரையில் படிவத்தில் கையெழுத்து வைத்தவர் அவர். இனி அல்பிரட் வைக்க வேண்டும்.

முந்தின வருடத்துப் பெயர்களைப் படித்தேன். தகப்பனின் பெயரை வெட்டினேன். அடுத்த பெயர் பிலோமினா. அல்பிரட்டின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு இரண்டு கால்களும் வழங்காமல் போனவர். முப்பது வயதைக் கடந்தவர்.

அல்பிரட் சொன்னார், அவளின் பெயரை விடுங்கோ விதானையார் என்று. தகப்பன்தான் அவரை ஒவ்வொரு முறையும் வாக்குச்சாவடிக்குத் தூக்கிக்கொண்டு போனவராம். இப்போது யார் தூக்குவது? சனத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போனால் அவளுக்கும் வெட்கம், தனக்கும் இடுப்பு நாரி பிடிக்கும் என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

பிலோமினா அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? எங்களுக்குப் பத்தடி தள்ளி, முற்றத்துப் பூவரசின் கீழ் சாக்கு விரித்து, அதில் இருந்து பனங்கிழங்கு ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது கேட்டிருக்கும், கேட்காமலும் இருந்திருக்கும், காற்று அப்படி. நான் அவரைப் பார்த்தேன். சுகம் கேட்பதைப் போலத் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். பிறகு அவருடைய பெயருக்கு மேலே கோடு இழுத்தேன். அல்பிரட் கீழே கையெழுத்து வைத்தார்.

அந்தக் கோட்டை இழுக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

பிறகு இடாப்பு அச்சாகி வந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று என் அலுவலகக் கதவில் நானே தொங்கவிட்டேன். பிழை இருந்தால் வந்து சொல்லலாம் என்று அறிவித்தல் போட்டேன். என் அலுவலக வாசலுக்கு நாலு படி இருந்தது. அதைப் பற்றி அப்போது எனக்கு ஒரு யோசனையும் இல்லை. யாரும் வந்து முறைப்பாடு சொல்லவில்லை. முறைப்பாடு இல்லையென்றால் பிழை இல்லை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

தேர்தல் வந்தது. எங்கள் பிரிவுக்கு வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். ஆட்களை அடையாளம் காட்ட ஏதாவது தேவைப்பட்டால் என்று என்னையும் அங்கே நிற்கச் சொல்லியிருந்தார்கள். தலைமை தாங்கும் அலுவலராக வந்திருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மூத்த உத்தியோகத்தர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை, அவர் அதை விரும்பமாட்டார். அதிகம் பேசாத ஆள். கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலை மேசையில் வைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார், மேசை வாக்குச்சீட்டுக்கு உரியதாம்.

பத்து மணியிருக்கும். பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு கைச்சைக்கிள் வந்தது. மூன்று சில்லு, கையால் சுற்றி ஓட்டுவது. பிலோமினா. அந்தச் சைக்கிள் அவருக்குக் கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது கிடைப்பதற்கான சிபாரிசுக் கடிதத்தை எழுதியதும் நான்தான். கல்லும் மணலுமான அந்தத் தெருவில் ஒன்றரை மைல் தனியே சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

வாசலுக்கு மூன்று படி. வரிசையில் நின்ற இரண்டு பேர் தூக்க வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். அடையாள அட்டையை நீட்டி, முதலில் தன் இலக்கத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். வாக்காளர் அட்டை தபாலில் வரவில்லை, எங்கோ தவறியிருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார்.

உள்ளே இடாப்பில் தேடினார்கள். நான் தேடவில்லை. எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் என்ன யோசித்தேன் என்று சொல்கிறேன், ஒளிக்காமல். படிவத்தில் அல்பிரட்டின் கையெழுத்து இருக்கிறது என்று யோசித்தேன்.

பெயர் இல்லை என்று ஒருவர் வெளியே வந்து சொன்னார். பிலோமினா சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் கண்டார்.

"விதானையார், போன மாசம் உதவிப் பணத்துக்கான லிஸ்ட் வந்தது. அதில என்ர பேர் இருக்கு. எழுத்துப் பிழைகூட இல்லை. அதை எழுதின கைதானே இதையும் எழுதினது?"

வரிசை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு முதுகில் வெயில் சுடுவது தெரிந்தது. உதவி பெறுகிறவர்களின் பட்டியலை நான் எவ்வளவு கவனமாக எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறை சரிபார்த்தேன். அதில் அவருடைய பெயர் விடுபட்டிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்காது. வாங்குகிறவராக அவரை எனக்குத் தெரிந்திருந்தது. தீர்மானிக்கிறவராகத் தெரியவில்லை.

கட்சி முகவர்கள் உள்ளேயிருந்து வந்தார்கள். அதிசயமாக எல்லாக் கட்சியும் ஒரே பக்கம் நின்றது. எல்லாருக்கும் தெரிஞ்ச பிள்ளைதானே, எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, போடவிடுங்கோ என்றார்கள். சனமும் அதையே சொன்னது. நானும் தலைமை அலுவலரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒம்பட்டு, சரி என்றுவிட்டால் என் பிழை அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

அவர் ஒம்படவில்லை. வெளியே வந்தார். படியில் நின்று பேசாமல், இறங்கி வந்து, கடைசிப் படியில் குந்தினார். இப்போது அவருடைய முகமும் பிலோமினாவின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. பெயர் இல்லாத ஒருவருக்குச் சீட்டுத் தரும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். இன்றைக்கு இரக்கப்பட்டுத் தந்தால், நாளைக்கு வேறொரு இடத்தில் இன்னொருவர் வேறு காரணத்துக்காகத் தருவார் என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் சமாதானம் பண்ணும் தொனி இருக்கவில்லை. வயது வந்த ஒருவர் வயது வந்த இன்னொருவருக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

பிலோமினா கேட்டார்: "அப்ப நான் வந்தனான், திருப்பி அனுப்பினீங்கள் எண்டு எழுதித் தருவீங்களோ?"

"ஓம். அது உங்கட உரிமை."

தலைமை அலுவலர் என் பக்கம் திரும்பினார். தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எழுதும் என்றார். நான் தயங்கினேன். மெல்ல அவருடைய காதுக்குள், சேர், இது எனக்கு எதிரான கடிதமாகப் போய்விடும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"தம்பி, உம்மைக் காப்பாத்திறது என்ர வேலையில்லை. உம்மைக் கெடுக்கிறதும் என்ர வேலையில்லை. நடந்ததை எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். என் கையால், எனக்கெதிராக, பள்ளிக்கூடப் படியில் குந்தியிருந்து. பிலோமினா அதை இரண்டு முறை வாசித்தார். ஒரு இடத்தில் நான் "பெயர் விடுபட்டிருந்தமையால்" என்று எழுதியிருந்தேன். விடுபட்டதா, வெட்டப்பட்டதா என்று கேட்டார். தகப்பனோடு வந்து தான் முன்பு வாக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். தலைமை அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அந்தச் சொல்லை வெட்டி, "வெட்டப்பட்டிருந்தமையால்" என்று எழுதினேன். தலைமை அலுவலர் கையெழுத்து வைத்தார். பிலோமினா கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்து, கைச்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். யாரும் தள்ளிவிட வரவில்லை. வர எங்களுக்குத் துணிவில்லை.

இளையவர்களே, அந்த மூத்தவர் செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். இரக்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டினால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்ப்போம். அவர் இரண்டையும் விட்டுத் தப்பவில்லை. சீட்டு மறுத்தார், ஆனால் மறுத்ததற்கு அத்தாட்சி கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

பிலோமினா அந்தக் கடிதத்தை மேலே அனுப்பினார், விசாரணை வந்தது. ஒரு சின்ன அறை, மேசை, மூன்று கதிரை. விசாரித்த அதிகாரி அல்பிரட்டையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். அல்பிரட் வெள்ளைச் சாறம் உடுத்து, தலை வாரி இழுத்து, கோயிலுக்கு வருவதைப் போல வந்திருந்தார். அதிகாரி கேட்டதும், நான் வாயைத் திறக்க முந்தியே அவர் சொன்னார்: "விதானையாரில பிழையில்லை. தங்கச்சி இப்ப இஞ்ச இல்லை, மன்னாரில சித்தியோட இருக்கிறாள் எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. வறட்சி நிவாரணம் எழுதுகிறவன் நான். மாட்டுக்கு அத்தாட்சி கொடுப்பவன் நான். என்னைப் பகைத்துக்கொண்டு அந்தத் தீவில் அவர் என்ன செய்வார்? என் அதிகாரத்துக்குப் பயந்து ஒருவர் தன் மேல் பழியை எடுத்துப் போட்டார். நான் பேசாமல் இருந்தேன். அதிகாரி எழுதினார். அல்பிரட் கையெழுத்து வைத்தார், அந்த மற்றக் கையெழுத்தைப் போலவே. எல்லாம் ஒரு கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

நான் போட்டுக்கு நடந்தேன். ஏறி வழமையான இடத்தில் இருந்தேன். எஞ்சின் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர் கணவாய் விலை பற்றி ஏதோ கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. கயிறு அவிழ்க்கிற நேரம் எழும்பி இறங்கிவிட்டேன். பெரிய மனம் திரும்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இருக்க ஏலவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அல்பிரட் அப்படிச் சொல்லவில்லை, தங்கை வீட்டு முற்றத்தில் இருந்தார், நான் கண்டேன், கண்டுகொண்டுதான் வெட்டினேன் என்றேன். அவருக்குச் சரியான கோபம். முடிந்த கோப்பை ஏன் காணும் திறக்கிறீர் என்று கேட்டார். ஆனாலும் திறந்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் கோப்பில் கடைசி வரை இருந்தது. பொய் சொன்னதற்காக அல்பிரட்டை அவர் ஒன்றும் செய்யவில்லை.

போட் போய்விட்டதால் அன்று பின்னேரம் நேரே அல்பிரட்டின் வீட்டுக்குப் போனேன். பிலோமினா வாசலில் இருந்தார். மன்னாருக்குப் போனதாகத் தமையன் சொன்ன கதை அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. அல்பிரட் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்று ஒரு வசனத்தைத் தெருவெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"அடுத்த மீளாய்வு எப்ப?"

ஆனி மாதம் என்றேன்.

"நான் உங்களோட வாறன். இந்தப் பிரிவில இன்னும் எத்தினை பேரை வெட்டினீங்களெண்டு உங்களுக்கே தெரியாது."

உண்மைதான். எனக்குத் தெரியாது.

ஆனியில் அவர் வந்தார். அவர் கைச்சைக்கிளில், நான் பக்கத்தில் நடை. முன்பு அரை நாளில் முடிக்கும் ஒரு ஒழுங்கைத் தெருவுக்கு இரண்டு நாள் எடுத்தது. ஏனென்றால் அவர் ஒரு வேலை செய்தார். வீட்டுக்காரர் படலைக்கு வந்து பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, உள்ளே வேறு ஆர் இருக்கினம் என்று கேட்பார். பதில் வரும் வரை சைக்கிளை அசைக்கமாட்டார். சில வீடுகளில் கோபித்தார்கள். ஒரு வீட்டில் படலையைச் சாத்தினார்கள். ஆனால் பல வீடுகளில் கொஞ்சம் பொறுத்து ஒரு பெயர் வரும். கண் தெரியாத பெரியப்பா. விழுந்து எழும்பாத மாமி. பெயரைச் சொல்லும்போது அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

கடற்கரைப் பக்கம் தனியே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் இல்லை. கடல் முருகைக்கல்லில் மதில் அடுக்குவதுதான் தொழில். சுண்ணாம்பு, சீமெந்து ஒன்றும் இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்குவார். நெடுந்தீவில் அவர் கை படாத மதில் குறைவு. என் அலுவலகத்தைச் சுற்றி இருந்ததும் அவர் அடுக்கியதுதான். சனம் அவரை ஊமையன் என்று கூப்பிடும். நானும் ஐந்து வருடமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் கேட்கமாட்டார் என்ற துணிவில்.

அவருடைய பெயர் என்னவென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அவனுக்கு ஆர் பேர் வைச்சது விதானையார்? ஊமையன்தான்" என்றார். நான் பேனையை மூடப்போனேன். பிலோமினா தன் அடையாள அட்டையை எடுத்து, அதைத் தொட்டு, பிறகு அவரைக் காட்டினார். அவர் கொஞ்சம் யோசித்தார். குடிலுக்குள் போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். அதற்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும். மரியதாஸ்.

நான் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மரியதாசோ? பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நாற்பது வருடம் பக்கத்தில் இருந்தவர்.

மரியதாஸ் படிவத்தை வாங்கி, பத்திரத்தைப் பார்த்துப் பார்த்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். கல் அடுக்கும் விரல்கள், பேனை அதற்குள் காணாமல் போனது. நேரம் போய்க்கொண்டிருந்தது. போட் எடுக்கும் நேரம். மிச்சத்தை நான் எழுதிவிடலாம் என்று என் கை தன்பாட்டில் நீண்டது. பிலோமினா என்னைப் பார்க்காமலே என் கையைத் தட்டிவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு முதல் நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். அந்த மூன்று படி அப்படியே இருந்தது. ஒரு சரிவுப் பாதை போட அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் மூன்று. பதில் வரவில்லை. அதிபர் நல்லவர், ஆனால் பயந்தவர். அரசாங்கக் கட்டடம், அனுமதியில்லாமல் ஒரு கல்லும் பூச ஏலாது, நாளைக்கு ஆர் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது சரி. இனி யாரிடமும் போய்க் கேட்க நேரமில்லை. அந்த மூத்த உத்தியோகத்தர் அப்போது ஓய்வில் இருந்தார். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "சீமெந்து பூசினால் அது கட்டடம். அடுக்கினால் அது கல்லு. கல்லு வைக்க ஏன் அனுமதி?"

மரியதாசைத் தேடிப் போனேன். கையால் படியைக் காட்டி, சரிவைக் காட்டி, சில்லைச் சுற்றிக் காட்டினேன். சிரித்தார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றில் கல் வந்தது. ஓட்டி வந்தவர் அல்பிரட். தங்கையோடு அவருக்கு அப்போதும் பேச்சு வார்த்தை சரியாக இல்லை, ஆனால் கல் ஏற்றிக்கொண்டு வந்தார். மரியதாஸ் அடுக்கினார். முதலில் அடுக்கியது செங்குத்தாகப் போய்விட்டது. பிலோமினா ஏறிப் பார்த்தார், பாதியில் சைக்கிள் பின்னுக்கு உருண்டது. நல்ல காலம், அல்பிரட் பிடித்தார். மரியதாஸ் முழுவதையும் கலைத்தார். ஒரு மறுப்பும் இல்லை. இன்னும் நீளமாக, முற்றத்தின் நடுவரை கொண்டுவந்து அடுக்கி, மேலே பனம் பலகை போட்டார். பொழுதுபடுவதற்குள் முடிந்தது. அதிபர் ஒரு கையால் பலகையை அமத்திப் பார்த்துவிட்டு, தான் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பிலோமினா தன் கையால் சுற்றிக்கொண்டு ஏறினார். மரியதாசும் வந்தார். அந்தப் பலகையில் ஏறியவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. தடி ஊன்றிய கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருவர், எல்லோரும் படியை விட்டு அதால்தான் போனார்கள்.

அவர்கள் வெளியே வந்தபோது, மேற்பார்வைக்கு வந்த ஒருவர் தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். மாற்றுத்திறனாளிகளும் நாட்டைக் கட்டியெழுப்ப முன்வருகிறார்கள் என்று போட ஒரு படம் வேண்டுமாம். பிலோமினாவையும் மரியதாசையும் சரிவுப் பாதைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். பிலோமினா, வரிசையில் நிற்கிற மற்ற ஆட்களையும் எடுத்தனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றார். அப்ப எங்களையும் விடுங்கோ என்றார் பிலோமினா. மரியதாசுக்கு விஷயம் விளங்கவில்லை, அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு படத்துக்கு ஆயத்தமாக நின்றார். அவரை மட்டும் எடுத்தார்கள். அவருக்குச் சந்தோசம்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. மரியதாஸ் கல் அடுக்கத் தெரிந்தவர். பிலோமினா வாய் உள்ளவர். அவர்கள் எங்களுக்கு உதவினார்கள் என்பதால்தானே இன்றைக்கு நான் அவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்? ஒன்றும் அடுக்கத் தெரியாத, ஒன்றும் கேட்கத் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாரே, அவருடைய பெயருக்கும் அதே ஒரு வரிதானே அந்தப் படிவத்தில்? அவரை யாராவது நல்லவர், கெட்டிக்காரர் என்று நிரூபித்த பிறகுதான் எழுதுவோமா? எங்களை யாரும் அப்படி நிரூபிக்கச் சொல்லவில்லை. நான் உட்பட எத்தனையோ உதவாத ஆட்களின் பெயர் ஒவ்வொரு வருடமும் பிழையில்லாமல் அச்சாகி வந்தது.

அந்தக் கல்லும் நிற்கவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு இடைஞ்சல் என்று இரண்டு மாதத்தில் கலைத்துவிட்டார்கள். அடுத்த முறை திரும்ப அடுக்கினோம். நான் ஓய்வு பெறும் வரை கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

பிலோமினா அதற்குள் என் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறவராகிவிட்டார், படியடியில் நின்று மணி அடிப்பார், நான் இறங்கி வர வேண்டும். அவர் எழுதிக் கொண்டுவந்த முதல் மனு தன்னைப் பற்றியதோ கைச்சைக்கிளைப் பற்றியதோ இல்லை. கோடையில் குடிதண்ணி கொண்டுவரும் பவுசர் லொறி மேற்குப் பக்க ஒழுங்கைகளுக்கு வராமல் திரும்பிவிடுகிறது, அதைக் கிராம அலுவலர் கவனிக்கவில்லை என்று. அறுபதுக்கு மேல் கையெழுத்து. வீடு வீடாகப் போய் வாங்கியிருந்தார். என்னைப் பற்றிய முறைப்பாட்டை என் கையாலேயே மேலே அனுப்பி வைத்தேன். பவுசர் வந்தது.

ஓய்வு பெறுகிற வாரம், எனக்குப் பிறகு வருபவருக்குக் கொடுக்கக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பிலோமினா மணி அடித்தார். இறங்கிப் போனேன். புது விதானையாரிடம் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், நடக்க ஏலாதவர், ஆனால் மிகவும் கெட்டிக்காரர், பிரிவின் வேலைகளுக்கு நல்ல உதவி, கவனித்துக்கொள்ளவும் என்று.

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபம் இல்லை.

"அதைக் கிழிச்சுப் போடுங்கோ விதானையார். அவர் வந்து என்னட்டக் கேக்கட்டும்."

மேலே ஏறிப் போய் அந்தத் தாளை எடுத்துக் கிழித்தேன்.

உங்களில் ஒருவருக்கு நெடுந்தீவு கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அது யாரென்று நான் விசாரிக்கவில்லை. இதில் நான் எழுதிய பெயர்கள் ஒன்றும் உண்மைப் பெயர்கள் இல்லை. அங்கே போய்ப் பிலோமினா என்று யாரையும் தேடாதீர்கள், அந்தப் பெயரில் அவர் இல்லை. ஒவ்வொரு படலையிலும் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவரின் பெயரை அவரிடமே கேளுங்கள்.